“கையைப் பார்க்காதீங்க சித்தி, காலைப் பாருங்க!” - நியூயார்க்கில் ஒரு டிஜே உலா

நியூயார்க் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம், எம்பயர் ஸ்டேட் கட்டடம், புரூக்ளின் பாலம். நான்கையும் பார்த்து, நான்கிலும் செல்ஃபி எடுத்தாயிற்று என்றால், ஐந்தாவதாக ஒரு முகவரி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1520, செட்விக் அவென்யூ, பிராங்க்ஸ். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. பார்ப்பதற்கும் பெரிதாக ஒன்றும் கிடையாது. 102 வீடுகள் கொண்ட ஒரு செங்கல் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் மளிகைப் பையோடு ஆட்கள் போய் வருகிறார்கள். பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓயாமல் இரைகிறது.

ஆனால், இன்றைக்கு ஏதோ ஓர் ஊரில் கல்யாண ரிசப்ஷனில் ஒரு பையன் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, ஒரு பாட்டின் வாலில் இன்னொரு பாட்டின் தலையை ஒட்டிக்கொண்டிருந்தால், அவனுக்கு இது பூர்வீக வீடு மாதிரி.

என்னை அங்கே கூட்டிப்போனது என் அக்கா மகன். நியூ ஜெர்சியில் எடிசன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 25. வாரத்தில் ஐந்து நாள் சாஃப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கல்யாணங்களில் டிஜே. அந்த ஐந்து நாளை விட்டுவிட்டு இந்த இரண்டு நாளையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறேன் என்று அவன் சொன்னதிலிருந்து அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசை அமைதியாகிவிட்டது.

“நீயே அவன்கிட்ட கேளுடி. படிச்ச வேலையை விட்டுட்டு யாராவது பாட்டுப் போடப் போவாங்களா?” என்றாள் அக்கா.

அவனிடம் கேட்டேன். “சனிக்கிழமை ஃப்ரீயா சித்தி? வாங்க, சுத்திக்காட்டறேன். அதுக்கப்புறம் கேளுங்க” என்றான். எடிசனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும் மன்ஹாட்டனுக்கு. அங்கே மாறி, 4ஆம் எண் ரயில். சுரங்கத்தில் புறப்படும் அந்த ரயில் பிராங்க்ஸில் வெளிச்சத்துக்கு வந்து, ஜெரோம் அவென்யூவுக்கு மேலே உயரப் பாலத்தில் தடதடவென்று ஓடுகிறது. யாங்கி ஸ்டேடியத்தைத் தாண்டி இறங்கி, ஹார்லெம் ஆறு இருக்கும் மேற்குத் திசையில் நடந்தால் செட்விக் அவென்யூ.

25 சென்ட் டிக்கெட்

1973, ஆகஸ்ட் 11. இந்தக் கட்டடத்தில் குடியிருந்த சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்க வேண்டும். கையில் பணம் போதவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கான பொது அறை ஒன்று உண்டு. நம் அபார்ட்மென்ட்களில் அசோசியேஷன் ஹால் இருக்கிறதே, அது மாதிரி. அதை வாடகைக்கு எடுத்து, சின்ன அட்டைகளில் கையாலேயே அழைப்பு எழுதிக் கொடுத்தாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட ஆள் வேண்டுமே? அண்ணன் கிளைவ் இருக்கிறான்.

கிளைவுக்கு அப்போது 18 வயது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்தவன். கிங்ஸ்டனில் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்களை அடுக்கி, தெருவையே ஆட்டக் களமாக்கிவிடுவார்கள். நம் ஊர்த் திருவிழா மைக் செட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் கிளைவ். ஆள் வாட்டசாட்டம் என்பதால் ஹெர்குலிஸ் என்று கூப்பிட்டு, அது சுருங்கி ‘ஹெர்க்’ ஆகி, கடைசியில் ‘டிஜே கூல் ஹெர்க்’ என்று நிலைத்துவிட்டது.

“இங்கதான் சித்தி முதல் பாடம்” என்றான் மருமகன். ஹெர்க்குக்குப் பிடித்தது தன் ஊர் ரெகே இசை. ஆனால் பிராங்க்ஸ் பிள்ளைகள் அதற்கு ஆடவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஜேம்ஸ் பிரவுன் பாணி ஃபங்க். ஹெர்க் பிடிவாதம் பிடிக்கவில்லை, தட்டை மாற்றினார். பிறகு இன்னொன்றையும் கவனித்தார். ஆடுகிறவர்களில் சிலர் பாட்டு முழுக்கவும் ஆடுவதில்லை. ஓரமாகக் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டின் நடுவில் பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கிக்கொண்டு, டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகள் வரும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வருமே, அது போல. அதற்குப் பெயர் ‘பிரேக்’. அது வந்ததும் காத்திருந்தவர்கள் களத்தில் பாய்கிறார்கள். சில நொடிகளில் பிரேக் முடிகிறது, அவர்களும் ஓரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தச் சில நொடிகளை நீட்டித்தால் என்ன? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள் வாங்கி, இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்தார் ஹெர்க். ஒன்றில் பிரேக் முடிகிற நேரத்தில் மற்றொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கினார். அது முடியும்போது மறுபடி முதல் தட்டு. ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றி வருவதால் அதற்கு ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’ என்றே பெயர் வைத்தார். அந்த ராட்டினத்திலிருந்து வளர்ந்ததுதான் ஹிப்-ஹாப். ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். மைக்கில் உற்சாகப்படுத்தியவர்கள் ராப் பாடகர்கள் ஆனார்கள். 2007இல் நியூயார்க் மாநில அரசு இந்த வீட்டை ஹிப்-ஹாப்பின் பிறப்பிடம் என்று அங்கீகரித்தது. தெருவுக்கு இப்போது ‘ஹிப்-ஹாப் புலவார்ட்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. 2023இல் ஹெர்க்கை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவித்தது.

“புது மெஷின் எதையும் அவர் கண்டுபிடிக்கல சித்தி. எல்லார் கிட்டயும் இருந்த டர்ன்டேபிள்தான். ஆடறவங்க எப்போ உள்ளே வர்றாங்க, எப்போ வெளியே போறாங்கன்னு பார்த்தார். அவ்வளவுதான்” என்றான்.

அந்தப் பொது அறைக்குள் நாங்கள் போகவில்லை. அது மனிதர்கள் குடியிருக்கும் வீடு. வெளியே நின்று பார்ப்பதே மரியாதை. எதிர்ச் சாரியில் நின்று பத்து நிமிடம் பார்த்தோம். ஒரு தாத்தா எங்களைப் பார்த்து, எதற்கு வந்திருக்கிறோம் என்பது தெரிந்த மாதிரி தலையை அசைத்துவிட்டுப் போனார்.

கைதட்டாத கூட்டம்

பிராங்க்ஸில் இன்னொரு பையனும் இருந்தான். ஜோசஃப் சாட்லர். பார்படாஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவன். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவன். ஹெர்க் தட்டு மாற்றும்போது தாளம் ஒரு கணம் தடுக்கி விழுவதைக் கவனித்தான். கண் மதிப்பில் ஊசியை வைத்தால் அப்படித்தான் ஆகும். இவன் இசைத்தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பது போல, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்பினால் பிரேக்கின் முதல் தட்டு வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டான். தட்டு வழுக்கிச் சுழல அடியில் ஃபெல்ட் துணி வைத்தான். அடுத்த தட்டைக் கூட்டத்துக்குத் தெரியாமல் தான் மட்டும் ஹெட்போனில் கேட்க ஒரு சுவிட்ச் செய்தான். பின்னாளில் உலகம் அவரை ‘கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்’ என்று அழைத்தது. 2019இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு வாங்கியவர்.

ஆனால் இந்த வித்தையை முதன்முதலில் கூட்டத்துக்கு முன் செய்து காட்டிய அன்று என்ன நடந்தது தெரியுமா? யாரும் ஆடவில்லை. கைதட்டவும் இல்லை. எல்லோரும் அசையாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வித்தை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, வந்தவர்களை அதற்குள் இழுத்துவர ஒரு குரல் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டார். மைக் பிடித்துப் பேசும் ஆட்களைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். அவர்கள் ‘ஃபியூரியஸ் ஃபைவ்’ ஆனார்கள்.

மருமகன் இதைச் சொல்லும்போது 4ஆம் எண் ரயில் திரும்பி மன்ஹாட்டன் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. “யூடியூப் பார்த்து மிக்ஸிங் கத்துக்கலாம் சித்தி. சில நூறு டாலர்ல கன்ட்ரோலர் வாங்கலாம். ரெண்டு பாட்டோட வேகத்தை சாஃப்ட்வேரே பொருத்திக் கொடுத்திடும். அதனால அது இப்போ வித்தையே இல்ல. நான் மூணு வருஷம் ஒரு பெரிய டிஜேகிட்ட ஸ்பீக்கர் தூக்கினேன். வயர் சுத்தினேன். அப்போதான் கூட்டத்தைப் பார்க்க நேரம் கிடைச்சது.”

விருந்துக்காரர், வாத்தியார், பிடிவாதக்காரர்

மன்ஹாட்டனில் பிராட்வே தெரு, 647ஆம் எண். 1970, பிப்ரவரி 14 அன்று டேவிட் மன்குசோ என்பவர் தான் குடியிருந்த மாடியிலேயே ஒரு விருந்து வைத்தார். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் வரலாம். மது விற்பனை இல்லை. பலூன்கள், பழங்கள், அருமையான ஸ்பீக்கர்கள். ‘தி லாஃப்ட்’ என்று பெயர் பெற்ற அந்த விருந்துகள் பல்லாண்டுகள் தொடர்ந்தன. மன்குசோவுக்குத் தன்னை டிஜே என்று சொல்லிக்கொள்வதில் அவ்வளவு விருப்பமில்லை. பின்னாளில் பாட்டுகளைக் கலப்பதையே விட்டுவிட்டார். ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே ஓடவிடுவார். முடிந்ததும் அடுத்தது. அடுத்தது எது என்பதில்தான் அவருடைய உழைப்பெல்லாம். மெதுவாகத் தொடங்கி, நடுவில் உச்சிக்குப் போய், வந்தவர்கள் அமைதியாக வீடு திரும்பும்படி இறக்கிவிடுவார். பந்தியில் எதை எப்போது பரிமாறுவது என்று தெரிந்த சமையல்காரரைப் போல. பாயசத்தை முதலில் ஊற்றிவிட்டால் சாம்பாரை யார் சாப்பிடுவார்கள்?

அங்கிருந்து ஹூஸ்டன் தெரு வழியாக மேற்கே நடந்தால் வாரிக் தெரு. மூலையில் ‘எஸ்.ஓ.பி.ஸ்’ என்ற இசைக்கூடம். 1997இல் ரேகா மல்ஹோத்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் இங்கே ‘பேஸ்மென்ட் பாங்க்ரா’ என்ற மாதாந்திர நிகழ்ச்சியைத் தொடங்கினார். பஞ்சாபின் டோல் தாளத்தையும் நியூயார்க்கின் ஹிப்-ஹாப்பையும் ஒரே இரவில் சேர்த்தார் டிஜே ரேகா. பாங்க்ரா தெரியாதவர்களுக்கு ஆட்டம் சூடுபிடிப்பதற்கு முன்பே அடவு சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பாட்டுத் தெரியவில்லை என்றால் பாட்டை மாற்றுவது ஒரு வழி. கூட்டத்துக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழியில் அவர் 20 வருடம் அந்த நிகழ்ச்சியை நடத்தி, 2017இல் நிறைவு செய்தார்.

அங்கிருந்து இரண்டு நிமிட நடை, கிங் தெரு. 84ஆம் எண்ணில் ஒரு காலத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது. அது 1977 முதல் 1987 வரை ‘பாரடைஸ் கராஜ்’ என்ற நடனக்கூடமாக இயங்கியது. உள்ளே லாரி லெவான் என்ற டிஜே. பழைய கட்டடம் இப்போது இல்லை. இருந்தாலும் டிஜேக்கள் அந்தத் தெருவுக்கு வந்து நிற்கிறார்கள். மருமகனும் நின்றான்.

1981இல் டானா கார்ட்னர் பாடிய ‘ஹார்ட்பீட்’ பாட்டை லெவான் முதலில் போட்டபோது நடந்ததை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். வழக்கமான ஆட்டப் பாட்டுகளைவிட மிக மெதுவான பாட்டு. களம் காலியானது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். லெவான் பாட்டை நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். அடுத்தடுத்த வாரங்களிலும் போட்டார். சில வாரங்கள் கழித்து அதே பாட்டின் முதல் தட்டு கேட்டதுமே ஜனங்கள் களத்துக்கு ஓடிவந்தார்கள்.

“அப்போ ஹெர்க் செஞ்சதுக்கு இது நேர் எதிர் இல்லையா?” என்று கேட்டேன். அங்கே கூட்டம் ஆடவில்லை என்றதும் தட்டை மாற்றினார், இங்கே கூட்டம் ஓடியும் மாற்றவில்லையே!

“ரெண்டு பேரும் கூட்டத்தைத்தான் பார்த்தாங்க. ஹெர்க்குக்கு அன்னைக்கு வந்தவங்களை அன்னைக்கே ஆட வைக்கணும். லெவானோட ஆட்கள் அடுத்த வாரமும் வருவாங்க. அவங்க தன்னை நம்பறாங்கன்னு அவருக்குத் தெரியும். கல்யாணத்துல எனக்கு அடுத்த வாரம் கிடையாது சித்தி. அஞ்சு மணி நேரம்தான்.”

மறுநாள், நியூ ஜெர்சி

அந்த ஐந்து மணி நேரத்தையும் மறுநாளே பார்த்தேன். தமிழ்ப் பெண்ணுக்கும் குஜராத்தி மாப்பிள்ளைக்கும் ஹோட்டல் ஹாலில் ரிசப்ஷன். பெண் வீட்டார் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அக்காவும் வந்திருந்தாள். குருவின் துணை இல்லாமல் மருமகன் தனியாக நடத்தும் முதல் பெரிய நிகழ்ச்சி அது என்பது அவளுக்குத் தெரியும். பட்டுப்புடவையில் கடைசி மேசையில் உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி நிகழ்ச்சிக்கு இரண்டு மணிக்கே வந்துவிட்டான். பாட்டுகள் இரண்டு பென் டிரைவில், அதற்கும் மேல் ஒரு லேப்டாப்பில். மைக்குக்கு மாற்று பேட்டரி. அமெரிக்க மண்டபங்கள் பலவற்றில் டிஜேக்குக் காப்பீட்டுச் சான்று இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், அந்தக் காகிதம் ஒரு கவரில். இரண்டு வீட்டாரிடமும் முன்கூட்டியே வாங்கிய இரண்டு பட்டியல்கள்: கட்டாயம் போட வேண்டியவை, தப்பித் தவறியும் போடக் கூடாதவை. “இரண்டாவது லிஸ்ட்தான் முக்கியம் சித்தி. அதுல இருக்கற ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கும்” என்றான்.

ஸ்பீக்கர்களின் முகம் ஆட்டக் களத்தைப் பார்த்தும், முதுகு வயதானவர்களின் மேசையைப் பார்த்தும் இருந்தன. காதில் இளஞ்சிவப்பாக எதையோ செருகிக்கொண்டான். இரைச்சலைக் குறைக்கும் அடைப்பான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காது போனால் டிஜேக்கு என்ன மிச்சம்?

சாப்பாட்டு நேரத்தில் வாத்திய இசை மட்டும் மெல்லிசாக ஓடியது. அப்போது அவன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னடா பார்க்கிற?” என்றேன்.

“கையைப் பார்க்காதீங்க சித்தி, காலைப் பாருங்க. மேல ஸ்பூன், போன் எல்லாம் இருக்கும். மரியாதைக்குக் கையும் தட்டுவாங்க. மேசைக்கு அடியில கால் பொய் சொல்லாது. அந்த நீலப் புடவை ஆன்ட்டி ரெண்டு பாட்டா கால் தட்டறாங்க. முதல்ல எழுந்திருக்கப் போறது அவங்கதான்.” குழந்தைகள் முதலில் வருவார்கள், பிறகு பெண்கள், ஆண்கள் கடைசி என்பது அவன் கணக்கு.

பேச்சுகள் முடிந்து ஆட்டம் தொடங்கியது. புதுத் தமிழ்ப் பாட்டு ஒன்று. பெண் வீட்டார் பாதி ஹால் எழுந்து வந்தது. மறுபாதி உட்கார்ந்து வீடியோ எடுத்தது. அடுத்து ஹிந்திப் பாட்டு. இப்போது அந்தப் பாதி எழுந்தது, இந்தப் பாதி தண்ணீர் குடிக்கப் போனது. மறுபடி தமிழ். மறுபடி ஹிந்தி. தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்கியது. இரண்டு குடும்பங்கள் ஒரே ஹாலில் தனித்தனிக் கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தன.

பிறகு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஓர் ஆங்கிலப் பாட்டு போட்டான். களத்தில் நான்கு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. அவன் பதறிப் பாட்டை நடுவில் வெட்டவில்லை. பாட்டுகள் பெரும்பாலும் 32 தட்டுகளுக்கு ஒரு முறை மூச்சு வாங்கும். அந்த இடம் வரும்வரை பொறுத்திருந்து, அங்கே கர்பாவுக்கு மாறினான்.

மாப்பிள்ளை வீட்டார் வட்டம் கட்டினார்கள். குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, சுற்றி வந்தார்கள். நம் ஆட்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். அவன் சொன்னபடி நான் காலைப் பார்த்தேன். நீலப் புடவைக்காரரின் கால் அந்த வட்டத்தோடு சேர்ந்து அடி வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் பெரியம்மாவுக்கும் அப்படியே. ஏன் தெரியுமா? வட்டம் கட்டிக் கைதட்டிச் சுற்றுவது அவர்களுக்குப் புதிதில்லை. ஊரில் முளைப்பாரிக்குக் கும்மி அடித்த கால்கள் அவை!

மருமகன் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, மைக்கில், “பெண் வீட்டுப் பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் வாங்க, இது நம்ம கும்மிதான்” என்றான். அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். மாப்பிள்ளையின் அம்மா வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்.

அடுத்து அவன் செய்தது எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு விளக்கினான். கர்பாவில் ஆறு தட்டுக் கணக்கு மிகவும் சகஜம். நம் நாட்டுப்புறக் குத்துத் தாளமும் பெரும்பாலும் மும்மூன்றாகத்தான் நடக்கும். கச்சேரிக்காரர்கள் திஸ்ர நடை என்பார்கள். சினிமா டான்ஸ் பாட்டுகள் பலவும், அந்த ஆங்கிலப் பாட்டும், நாலு நாலாக நடப்பவை. நாலிலிருந்து மூன்றுக்குத் தாவினால் ஆடுகிறவரின் கால் தடுமாறும். மூன்றிலிருந்து மூன்றுக்குப் போனால் காலுக்கு மாற்றமே தெரியாது. கர்பாவின் வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டி, அதன் டோல் சத்தத்துக்கு அடியில் நம் பறை, தவில் சத்தத்தைக் கசியவிட்டு, ஒரு கட்டத்தில் கர்பாவை எடுத்துவிட்டான். வட்டம் கலையவே இல்லை. குஜராத்தி மாமாக்கள் குத்துக்கு ஆடிக்கொண்டிருப்பது அவர்களுக்கே அரை நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு களம் காலியாகவில்லை.

ஒரு பெரியவர் தன் காலத்து மெலடி வேண்டும் என்று மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும், “கண்டிப்பா அங்கிள், உங்களுக்காகக் கடைசியில வெச்சிருக்கேன்” என்றான். சமாளிக்கிறான் என்று நினைத்தேன். பதினோரு மணிக்குக் களைத்துப்போன கூட்டத்தை இறக்கிவிட அந்த மெலடியைத்தான் போட்டான். பெரியவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆடத் தெரியாமல், கையைப் பிடித்தபடி நின்றார்.

கணக்கும் இருக்கிறது

பாட்டு மட்டும் போட்டால் வயிறு நிறையுமா என்ற அக்காவின் கேள்வி தவறான கேள்வி இல்லை. அங்கே கல்யாணங்கள் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. பனிக்காலத்தில் கை காயும். அதைவிடப் பெரிய கவலை மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவில் பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். இவனுக்கு அந்த வயது நெருங்குகிறது. கம்பெனி வேலையையும் விட்டால் தன் காப்பீட்டைத் தானே வாங்க வேண்டும்.

மருமகனும் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஒரு வருடத்துக்கான காப்பீட்டுப் பணமும், நான்கு பனிமாதச் செலவும் வங்கியில் சேர்ந்த பிறகுதான் வேலையை விடுவது என்று எழுதிவைத்திருக்கிறான். பனிக்காலத்துக்கு அலுவலக விழாக்கள், பிறந்தநாள் விழாக்கள். முன்பணம் வாங்கி, ஒப்பந்தம் எழுதாமல் எந்த நிகழ்ச்சியையும் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி வந்து நின்றால், “பாட்டுப் போடறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்பதற்கு முன், இந்தக் கணக்கைக் கேளுங்கள். கணக்கு வைத்திருந்தால், ஒரு நிகழ்ச்சிக்குக் கூடவே போய்ப் பாருங்கள்.

நள்ளிரவுக்கு மேல், ஹோட்டலின் பின்வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் கிடந்த நீள வயர் ஒன்றை எடுத்து, முழங்கையில் கயிறு சுற்றுவது போலச் சுற்ற ஆரம்பித்தாள்.

“அம்மா, அப்படிச் சுத்தாதே. உள்ளே கம்பி முறுக்கிக்கும். ஒரு சுத்து மேல, அடுத்த சுத்து உள்பக்கமா மடிச்சு. இப்படி” என்று காட்டினான்.

அக்கா சுற்றியதை அவிழ்த்தாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் காட்டியபடி முதலிலிருந்து சுற்றிவிட்டு, “அந்த இன்னொரு வயரையும் கொடு” என்றாள்.